மஞ்சள் கம்பியின் கதை

1978 டிசம்பரில் மலேசியத் தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறியது. அதற்காக யாரும் கருப்பு வெள்ளைப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியிருக்கவில்லை. நாம் எடுத்துக்கொண்ட பி.ஏ.எல். முறையில் படத்தின் வெளிச்சம் பழையபடியே 625 வரிகளில் போகும். நிறம் மட்டும் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றில் ஏறி அதன்மேல் சவாரி செய்யும். புதுப் பெட்டி இரண்டையும் படித்தது. பழைய பெட்டி நிறத்தைக் கண்டுகொள்ளாமல் தன்பாட்டுக்குப் படம் காட்டியது. மின்னியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட மரியாதையான பொறியியலை நான் அதிகம் பார்த்ததில்லை. புதிதாக வந்தவன், உட்கார்ந்திருந்த பெரியவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

டிவிக்குப் பின்னால் செருகும் மஞ்சள் கம்பியில் ஓடுவதும் இதே சமிக்ஞைதான். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் இடது, வலது ஒலிக்கு. வீடியோ டெக், வி.சி.டி., டி.வி.டி., 1996-இல் வந்த ஆஸ்ட்ரோ பெட்டி என்று எல்லாம் இந்த மூன்று கம்பியில் டிவியோடு ஒட்டிக்கொண்டன.

பிறகு ஒட்டவில்லை. குளுவாங்கில் என் மாமா வீட்டில் 29 அங்குல பிக்சர் டியூப் டிவி இன்னும் கண்ணாடி மாதிரி படம் காட்டுகிறது. பிள்ளைகள் புளூ-ரே ஹோம் தியேட்டர் செட் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். அதன் பின்பக்கம் மஞ்சள் துளையே இல்லை. "டிவி நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன்டா படம் வரல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பதில் பொறியியலில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. எச்.டி.எம்.ஐ. இணைப்பு 2002-இல் வெளியானது. படம் எண்களாகப் போகும், ஒலியும் அதே கம்பியில் போகும், நல்ல விஷயம்தான். ஆனால் அதோடு எச்.டி.சி.பி. என்ற காவலும் வந்தது: எதிரே இருக்கும் கருவி அனுமதி பெற்றதா என்று பிளேயர் கேட்கும், சரியான பதில் வராவிட்டால் திரை கருப்பு. மஞ்சள் கம்பிக்குப் பதில் சொல்லத் தெரியாது. டிஸ்னி, வார்னர், சோனி, இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து புளூ-ரேக்கு உண்டாக்கிய ஏ.ஏ.சி.எஸ். உரிம விதி இன்னும் வெளிப்படை. 2010 முடிந்தபின் தயாராகும் பிளேயர்கள் அனலாக் கம்பியில் சாதாரணத் தரப் படத்தை மட்டுமே அனுப்பலாம். 2013 முடிந்தபின் தயாராகுபவை பாதுகாக்கப்பட்ட படத்தை அந்த வழியில் அனுப்பவே கூடாது. மஞ்சள் கம்பி வயதாகிச் சாகவில்லை. தேதி குறித்துச் சாகடித்தார்கள்.

மாமா வீட்டில் நடுவே ஒரு சின்ன மாற்றிப் பெட்டியை வைத்தேன். எச்.டி.எம்.ஐ. உள்ளே, மஞ்சள் வெளியே. அதன் ஓரத்தில் பி.ஏ.எல்., என்.டி.எஸ்.சி. என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். அமெரிக்கப் பக்கம் தள்ளிவிட்டால் நம் பழைய டிவியில் பெரும்பாலும் நிறம் போய்விடும், படம் உருளவும் செய்யும். சரியாக வைத்தாலும் இழப்பு உண்டு. கண்ணுக்கு வரும் 576 வரிகளில் அகலத்திரைப் படம் நடுவே உள்ள 432 வரிகளில்தான் உட்காரும், மிச்சம் மேலும் கீழும் கருப்புப் பட்டை. ஒலி பிளேயரின் சொந்த ஸ்பீக்கர்களுக்கே போவதால் அதில் குறையில்லை. மாமாவுக்கு அது போதும்.

கம்பிக்கு நேர்ந்தது 2019-இல் காற்றுக்கும் நேர்ந்தது. ஜொகூர் பாரு பக்கத்தில் இது இரண்டு முறை நடந்தது என்பதுதான் விசேஷம். நீரிணையைத் தாண்டி வரும் அலைக்குக் கடவுச்சீட்டு வேண்டாம். சிங்கப்பூர் ஒளிபரப்பு தொடங்கிய 1963 முதலே இங்கே தெற்கு பார்த்த ஏரியல்களுக்கு வேலை இருந்தது. 2008-இல் வசந்தம் தனி ஒளிவழியானபோது அது நமக்கும் சேர்த்துத்தான் வந்தது. 2019 ஜனவரி பிறந்ததும் சிங்கப்பூர் அனலாக்கை அணைத்தது. அதே வருடம் ஜூலையில் லங்காவியில் தொடங்கி அக்டோபர் கடைசிக்குள் மலேசியாவும் அணைத்து முடித்தது. இங்கே அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு டிகோடரை இலவசமாகக் கொடுத்தார்கள். சிங்கப்பூரும் தன் ஏழைக் குடும்பங்களுக்கு உதவியது. அந்தக் கணக்கில் நீரிணைக்கு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வர முடியாது. இரு நாடுகளும் டி.வி.பி.-டி2 என்ற ஒரே முறையைத் தேர்ந்தது நம் அதிர்ஷ்டம். ஏரியல் சரியாக இருந்தால் ஒரு டிகோடரிலேயே இரண்டையும் தேடிப் பிடிக்கலாம்.

காற்றை மூடியவர்கள் கையில் ஒரு பெட்டியாவது கொடுத்தார்கள். கம்பியை மூடியவர்கள் எதுவும் கொடுக்கவில்லை. இந்த வித்தியாசத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை.

மஞ்சள் துளைகூட இல்லாத, ஏரியல் துளை மட்டுமே உள்ள டிவிகளும் சில வீடுகளில் மிச்சம். அதற்கும் வழி இருக்கிறது. அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் வீடியோ டெக்கை எடுங்கள். டேப் ஓட வேண்டாம், மின்சாரம் ஏறினால் போதும். டிகோடரின் மூன்று கம்பியை டெக்கில் செருகி, டெக்கின் ஏரியல் கம்பியை டிவிக்குக் கொடுத்து, டெக்கை ஏ.வி. உள்ளீட்டுக்கு மாற்றுங்கள். பிறகு டிவியில் 36-ஆம் சேனல் பக்கம் மெதுவாகத் தேடினால் படம் கிடைக்கும். கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் வரும்.