சுவர் எழுப்பிக் காப்பாற்றிய அருங்காட்சியகம்



வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் சிலர், "டீச்சர், லீவு நாளில் போய்ப் பார்க்கிற மாதிரி இங்கே சரித்திரம் ஏதாவது இருக்கிறதா? எங்கே பார்த்தாலும் மால்தான் இருக்கிறது" என்று கேட்டிருந்தீர்கள். 2018-ல் மகள் வீட்டுக்குக் குவைத் போயிருந்தபோது நான் பார்த்த ஓர் இடத்தைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

இடத்தின் பெயர் தாரிக் ரஜப் அருங்காட்சியகம். ஜாப்ரியா என்ற குடியிருப்புப் பகுதியில், வீடுகளுக்கு நடுவே ஒரு வீடாக இருக்கிறது. வேலைப்பாடு மிகுந்த பெரிய கதவைப் பார்த்துத்தான் இது வேறு இடம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். படியிறங்கிப் போனால் நிலவறையில் காட்சிக்கூடம். அரசாங்கம் வைத்ததல்ல, ஒரு குடும்பத்தின் சொந்தச் சேகரிப்பு. தாரிக் செய்யித் ரஜப் குவைத்தின் தொல்பொருள், அருங்காட்சியகத் துறைக்கு முதல் இயக்குநராக இருந்தவர். அவர் மனைவி ஜெஹான் இங்கிலாந்துக்காரர். இருவரும் பல ஆண்டுகள் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவை 30,000-க்கும் மேற்பட்ட பொருள்கள். 1980-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

ஒரு குடும்பம் ஏன் இப்படிச் சேர்க்க வேண்டும்? அதற்குக் குவைத்தின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

எண்ணெய்க்கு முன்னால் அந்த ஊரின் பிழைப்பு கடலும் முத்தும்தான். குவைத் மரக்கலங்கள் பேரீச்சம்பழம் ஏற்றிக்கொண்டு நம் மேற்குக் கரைக்கு வரும். திரும்பும்போது மலபார் தேக்கு, அரிசி, மசாலா ஏற்றிப் போகும். அங்கே எடுத்த முத்துக்குப் பெரிய சந்தை பம்பாய். 1961 வரை குவைத்தில் ரூபாய்தான் செலாவணி என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து முத்துக்குளிப்பைச் சாய்த்தது. 1938-ல் புர்கானில் எண்ணெய் கிடைத்தது. 1946-ல் ஏற்றுமதி தொடங்கியது. அதன் பிறகு எல்லாம் வேகம். 1920-ல் ஊரார் கூடிக் கட்டிய மண்மதிலை 1957-ல் இடித்தார்கள். வாயில்கள் மட்டும் மிஞ்சின. மண் வீடுகள் போய்க் கான்கிரீட் வந்தது. புது வீட்டில் பழைய பெட்டிக்கும் பானைக்கும் இடம் ஏது? பழசென்று வீட்டுக்காரர்களே ஒதுக்கிய காலத்தில்தான் இந்தத் தம்பதி அவற்றைத் தேடிப் போனார்கள். குவைத்தோடு நிற்கவில்லை. அரபு நாடுகள் பலவற்றிலிருந்தும் இஸ்லாமிய உலகின் பிற பகுதிகளிலிருந்தும் ஆடை, நகை, மண்பாண்டம், இசைக்கருவி, ஏடுகள் என்று சேர்த்தார்கள்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தவை மூன்று.

முதலாவது வெள்ளி நகைகள். ஓமான் நாட்டுக் கழுத்தணிகளில் பெரிய வெள்ளி நாணயங்களைக் கோத்திருப்பார்கள். அது ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் தலை பதித்த நாணயம். அவர் இறந்தது 1780-ல். அதன் பிறகு எந்த ஆண்டு அடித்தாலும் அந்த நாணயத்தில் 1780 என்றே பொறிப்பார்கள். பழகிய முகமும் பழகிய ஆண்டும் இருந்தால்தான் செங்கடல், அரபிக்கடல் பக்கத்து வணிகர்கள் நம்பி வாங்குவார்கள். ஐரோப்பிய ராணி அரபுப் பெண்ணின் கழுத்தில் ஏறிய வழி இதுதான்.

பதூவின் பெண்களுக்கு மணக்கொடையாக வரும் நகை அவர்களின் சொந்தச் சொத்து. அந்தப் பெண் இறந்தால் பெரும்பாலும் அதை உருக்கி அடுத்தவளுக்குப் புதிதாகச் செய்வார்கள். இறந்தவளின் நகையை அப்படியே போட்டுக்கொள்வது வழக்கமில்லை. அதனால்தான் பழைய நகை முழுசாகக் கிடைப்பது அரிது. நம் பாட்டிமார்களின் பாம்படமும் தண்டட்டியும் போன வழியும் இதுதானே? ஆசாரியிடம் போய் நெக்லஸாக வந்தன.

இரண்டாவது பாலஸ்தீனப் பெண்களின் கைத்தையல் ஆடைகள். நெஞ்சுப் பகுதியிலும் பக்கவாட்டிலும் சிவப்பு நூலால் குறுக்குத் தையல். இதில் பூ, மரம், நட்சத்திரம் என்று போட்டிருப்பது வெறும் அழகுக்காக இல்லை. அந்தக் காலத்தில் தையலையும் நிறத்தையும் பார்த்தே இந்தப் பெண் எந்த வட்டாரம், பல சமயம் எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்களாம். 1948 போரில் நூற்றுக்கணக்கான கிராமங்கள் காலியாயின. பல ஊர்கள் தரைமட்டமாயின. வரைபடத்தில் பெயர் இல்லாத ஊர் ஓர் ஆடையின் மார்பில் இருக்கிறது. ஜெஹான் அம்மையார் இந்த ஆடைகளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

மூன்றாவது எழுத்து. பதப்படுத்திய தோலில் எழுதிய பழைய கூஃபி எழுத்து அகலமாக, கம்பீரமாக இருக்கும். ஆனால் அரபியில் ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரித்துக் காட்டும் புள்ளிகள் மிகப் பழைய ஏடுகளில் பெரும்பாலும் இருக்காது. ஓதத் தெரிந்தவன் மனப்பாடத்தின் துணையோடு படிப்பான். நம் ஓலைச்சுவடியிலும் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று விட்டுவிடுவார்கள் அல்லவா? இரண்டு இடத்திலும் ஏட்டைப் படிக்க மனிதர் ஒருவரின் நினைவும் வேண்டியிருந்தது.

பார்த்துக்கொண்டே வந்த என் பேத்தி, "பாட்டி, இதெல்லாம் யார் வீட்டுச் சாமான்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டில் புழங்கியதுதான்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அப்போது நம் நாட்டவர் 1,50,000-க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து கிளம்பி, பெரும்பாலோர் ஜோர்டானின் அம்மான் வழியாக விமானத்தில் வந்து சேர்ந்தார்கள். கையில் ஒரு பையோடு வந்தவர்கள் நம் உறவிலும் உண்டு.

நகரின் நடுவே இருந்தது குவைத் தேசிய அருங்காட்சியகம். ஷேக் நாசர் சபா அல் அகமது அல் சபாவும் அவர் மனைவி ஷேகா ஹுஸ்ஸாவும் சேர்த்து அரசுக்குக் கடனாகக் கொடுத்த புகழ்பெற்ற இஸ்லாமியக் கலைச் சேகரிப்பு 1983 முதல் அங்கேதான் இருந்தது. அந்தப் பொருள்களை ஈராக் மூட்டை கட்டிப் பாக்தாதுக்குக் கொண்டுபோனது. கட்டடம் தீக்கு இரையானது. வளாகத்தில் நின்ற 1937-ஆம் ஆண்டின் முஹல்லப் என்ற மரக்கலமும் எரிந்தது. சேகரிப்பில் ஒரு பகுதி அப்போது லெனின்கிராடில் கண்காட்சிக்குப் போயிருந்ததால் தப்பியது.

ஜாப்ரியா வீட்டில் என்ன நடந்தது? நிலவறைக்குப் போகும் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். இறங்கும் படிகளில் குப்பையைக் கொட்டி வைத்தார்கள். பார்ப்பவர்களுக்கு உபயோகமற்ற ஒரு மூலை. காவல் கிடையாது, பீரங்கி கிடையாது. ஏறக்குறைய 7 மாத ஆக்கிரமிப்பு முடியும்வரை ஜெஹான் அங்கேயே இருந்தார். அந்த நாள்களைப் பற்றிப் பின்னால் புத்தகம் எழுதினார். 1991 பிப்ரவரியில் குவைத் விடுபட்டபோது சுவருக்குப் பின்னால் சேகரிப்பு பத்திரமாக இருந்தது.

பாக்தாதுக்குப் போன பொருள்களில் பெரும்பாலானவை 1991-லேயே ஐ.நா. மேற்பார்வையில் திரும்பி வந்தன. சில வரவில்லை, சில உடைந்து வந்தன. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 12 ஆண்டு கழித்து, 2003 ஏப்ரலில், அமெரிக்கப் படை நுழைந்த சமயத்தில் பாக்தாதின் சொந்த அருங்காட்சியகமே கொள்ளை போனது. சுமார் 15,000 பொருள்கள் மறைந்தன. சுமேரியர் காலம் முதல் காத்துவந்த செல்வம். இன்று எடுத்துப் போகிறவன் நாளை இழக்கிறவனாகிறான். இதில் ஜெயித்தவர் யாரும் இல்லை.

இரண்டு பெரிய அரசாங்க அருங்காட்சியகங்கள் பட்ட பாட்டையும் ஒரு வீட்டு நிலவறை தப்பியதையும் சேர்த்துப் பாருங்கள். அரசு அருங்காட்சியகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோரும் பார்க்க அதுதான் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால், அந்தக் கூரை போகும்போது எல்லாம் போகிறது. அங்கங்கே மதிப்புத் தெரிந்த சிலர் வைத்துக் காப்பாற்றினால்தான் எதுவாவது மிஞ்சும். அந்த வீட்டைக் காப்பாற்றியது செங்கல் மட்டுமல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த மதிப்புத் தெரியாதவர்கள் அந்த வேளையில் அவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டார்கள்.

குவைத்தில் இருப்பவர்கள் ஒரு விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். திறந்திருக்கிறதா என்று முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். அவசரப்படாமல் 2 மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

டீச்சர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் விடுவேனா? உங்கள் வீட்டில் பழைய பித்தளைக் குத்துவிளக்கோ, மரக்காலோ, அம்மாவின் கல்யாணப் புடவையோ, தாத்தாவின் கணக்கு நோட்டோ ஏதாவது ஒன்று இருக்கும். அதை எடுத்துத் துடைத்து, யாருடையது, எந்த ஊர், எந்த வருஷம், எதற்குப் பயன்பட்டது என்று ஒரு காகிதத்தில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். பெயரில்லாத பாத்திரம் பழைய இரும்புக்காரரின் தராசுக்குத்தான் போகும். எழுதி முடித்தவர்கள் படம் எடுத்துக் கீழே போடுங்கள். ஒவ்வொன்றையும் படித்துப் பதில் எழுதுவேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.