காப்பி வடிக்கும் முறையும் கொலஸ்டிராலும்

காப்பி உடம்புக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு, எப்படி இறக்கிய காப்பி என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. காப்பிக்கொட்டையின் எண்ணெயில் காஃபெஸ்டால், காவியோல் என இரு பொருள்கள் உண்டு. காஃபெஸ்டால், கல்லீரல் கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக மாற்றும் வேலையை மட்டுப்படுத்துவதை எலிகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மனிதர்களிடம் அதன் விளைவு ரத்தத்தில் ஏறும் எல்.டி.எல். கொலஸ்டிரால். காகித வடிகட்டி இந்த எண்ணெயை ஏறத்தாழ முழுதும் பிடித்துக்கொள்கிறது. காஃபீன் நீரில் கரைவதால் காகிதத்தைத் தாண்டி இறங்கிவிடுகிறது. எனவே தூக்கம், படபடப்பு விஷயத்தில் காகிதம் எந்தக் காவலும் தராது.

காப்பி எண்ணெய் கொலஸ்டிராலை ஏற்றும் என்ற உண்மைக்கு வழிகாட்டியது வடக்கு நார்வே. காப்பி அதிகம் குடிப்பவர்களுக்குக் கொலஸ்டிராலும் அதிகம் என்று டிராம்சோ நகர ஆய்வு 1983இல் அறிவித்தது. அங்கே பலர் கரகரப்பாக அரைத்த தூளைக் கெட்டிலில் கொதிக்கவிட்டு, மண்டி அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை அப்படியே கோப்பையில் ஊற்றிக் குடித்தார்கள். எண்ணெயும் கூடவே போயிற்று. காப்பியை அதிகம் குடிப்பவர்கள் புகைக்கவும் கொழுப்பு உண்ணவும் செய்வார்கள், பழியைக் காப்பிமேல் போடலாமா என்ற மறுப்பு நியாயமானதே. அதற்கு விடை சோதனையில் கிடைத்தது. கொதிக்கவைத்த காப்பியிலிருந்து பிரித்த எண்ணெய்ப் பகுதியை மட்டும் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோது கொலஸ்டிரால் ஏறியது. முடிவு 1990இல் வெளியானது. வாழ்க்கைமுறையைக் காரணம் காட்ட அங்கே இடமில்லை. நார்வேயில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சராசரியாக 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2020இல் வந்தது. வடிகட்டிய காப்பி குடித்தவர்களிடம் இறப்பு வீதம், காப்பியே குடிக்காதவர்களைவிடக் குறைவாக இருந்தது. இது கண்காணிப்பு ஆய்வுதான். காப்பியே ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது.

கொதிக்கவைத்த காப்பி, துருக்கிக் காப்பி, பிரெஞ்சு பிரஸ் ஆகியவற்றில் காஃபெஸ்டால் மிகுதி. எஸ்பிரெஸ்ஸோ நடுத்தரம், ஆனாலும் கோப்பை சிறியது. இன்ஸ்டன்ட் காப்பியில் மிகச் சொற்பம். நம் பில்டரில் காகிதம் இல்லையே என்று கேட்கலாம். அழுத்திய தூள் வழியாக டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதால் அந்தத் தூளே ஓரளவு வடிகட்டியாகிறது என்று கருத இடமுண்டு. 2011இல் வெளியான ஒப்பீட்டிலும் இந்தியக் காப்பியில் காஃபெஸ்டால், இந்தோனேசியக் காப்பியைவிட மிகக் குறைவு. துணிப்பையில் வடிக்கும் சிங்கப்பூர்க் காப்பியிலும் அதேபோல் மிகக் குறைவு. ஆகவே காலையும் மாலையும் ஒரு டம்ளர் பில்டர் காப்பி குடிப்பவர் காஃபெஸ்டாலுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. எல்.டி.எல். கூடுதலாக இருந்து, வடிகட்டாத காப்பியை நாளுக்குப் பல கோப்பை குடிப்பவர், காப்பியை விடுவதற்கு முன் காகித வடிகட்டிக்கு மாறிப் பார்க்கலாம்.