தோட்டம் கொடுத்ததும் தொழிலாளர் கொடுத்ததும்



ஈப்போ நகரை ஒட்டிய சிலிபினில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் ரப்பர்த் தோட்டங்களில்தான் இருக்கிறது. “அந்தக் காலத்தில் எல்லாம் துரை கொடுத்தது” என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். லயம், பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை, திருவிழாவுக்கு நன்கொடை, பந்து விளையாடத் திடல் எல்லாமே அந்தக் கணக்கில் வரும். இவை யாவும் தருமம்தானா? சற்று எண்ணிப் பார்ப்போம்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. ஆகவே பள்ளிக்கூடம் கொடை அன்று, கடமை. அதையும் பல தோட்டங்கள் அரைமனத்தோடு செய்தன. ஒரு கொட்டகையே பள்ளி. கங்காணியோ கிராணியோ ஆசிரியர். திருவிழா நன்கொடைதான் நிர்வாகம் விரும்பிக் கொடுத்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணிய நாம், உரிமையைக் கேட்பதற்கும் கூச்சப்பட்டோம்.

அந்தக் கொடையின் ஆயுள் எவ்வளவு என்பது 1950ஆம் ஆண்டுகளில் தெரிந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். இதையே தோட்டத் துண்டாடல் என்கிறோம். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஸீஸ் விரிவாக ஆராய்ந்தார். தோட்டம் கைமாறியபோது வேலை போயிற்று. லயம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், வேலையோடு வீடும் போயிற்று.

அந்நேரத்தில் வழிகாட்டியவர், ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன். அப்போது அவர் அமைச்சர். 1960ஆம் ஆண்டு மே மாதம் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அவர் முயற்சியால் பிறந்தது. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி, நூறு வெள்ளிப் பங்கு சேர்க்கலாம் என்பது திட்டம். பத்து வெள்ளி அன்று பல நாள் கூலி. நம் பணம் திரும்பி வருமா என்று அஞ்சியவர்களும் உண்டு. சம்பந்தனும் அவர் துணைவியார் உமா அம்மையாரும் தோட்டம் தோட்டமாகச் சென்று விளக்கினார்கள். மறு ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பால்மரம் வெட்டியவர்களே அந்த மரங்களுக்குப் பங்குதாரர் ஆனார்கள். பின்னர் மேலும் பல தோட்டங்கள் சேர்ந்தன. 1979இல் சம்பந்தன் மறைந்தார், சங்கம் நிலைத்தது.

இன்றும் நிறுவனங்கள் நம் பள்ளிகளுக்குப் புத்தகம் தருகின்றன. விடுமுறை நாளில் ஊழியர்களை அனுப்பிச் சுவருக்குச் சாயம் பூசுகின்றன. வியர்வை சிந்தி உதவும் அந்த இளைஞர்களை நன்றியோடு வரவேற்போம். வந்தாரை வாழ்த்துவது நம் பண்பு. ஆயினும் இரண்டு கேள்விகளை மறக்க வேண்டாம். இது கொடையா, செய்தே தீர வேண்டிய கடமையா? கொடுப்பவர் நாளை போய்விட்டால், நம் கையில் என்ன மிஞ்சும்?

திருவிழாப் பணம் அன்றைய பந்தலோடு முடிந்தது. பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த பணமோ நிலமாயிற்று. இந்தக் கணக்கை இன்றிரவு நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.