பக்கத்துப் போரில் காற்று: களிப்பாறைக் கணித மாதிரிகளும் திருச்செங்கோட்டுக் கருங்கல்லும்

ஒரு காட்டில் போர் (ஆழ்துளைக் கிணறு) போடும் ரிக் வண்டி ஓடும்போது பக்கத்துக் காட்டுப் போரிலிருந்து காற்று சீறிக்கொண்டு வருவதைத் திருச்செங்கோட்டு வட்டாரத்தில் பலரும் பார்த்திருப்பார்கள். "ரெண்டுக்கும் ஊத்து ஒண்ணு" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். வரப்புச் சண்டையும் அங்கேயே தொடங்கிவிடும். தோண்டிய இடத்தைச் சுற்றியுள்ள பாறையில் நீரும் காற்றும் எப்படிப் போட்டியிட்டு நகர்கின்றன என்பதை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்களில் களிப்பாறை ஆய்வாளர்களும் உண்டு. அவர்களுடைய கணித மாதிரியை இங்கே கொண்டுவரலாம், ஆனால் அதன் ஓர் உறுப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும் என்பது என் வாதம்.

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையில் உள்ள மோன் தெரி சுரங்க ஆய்வகத்தில் 1996 முதல் ஒப்பலினஸ் களிப்பாறையைச் சோதித்து வருகிறார்கள். அணுக்கழிவைப் புதைக்க இத்தகைய பாறை தகுமா என்பது அங்கே கேள்வி. சுரங்கம் தோண்டியதும் அழுத்தம் விடுபட்டுச் சுவரைச் சுற்றி விரிசல் வளையம் உண்டாகிறது. அந்த வளையத்தின் ஊடுருவு திறன் பழுதுபடாத பாறையைவிடப் பல ஆயிரம் மடங்கு கூடிவிடும். கழிவை அடைத்த இரும்புக் கலன்கள் துருப்பிடிக்கையில் பிறக்கும் ஹைட்ரஜன் அந்த வழியே தப்புமா என்பது அவர்களுடைய கவலை. ஆனால் களி நீரை உறிஞ்சி உப்பும். விரிசல் காலப்போக்கில் தானே அடைபடும். எனவே விரிசலின் திறப்பு, நீர்–வாயு இரண்டின் ஓட்டம், காலத்தால் மூடிக்கொள்ளுதல் ஆகிய மூன்றையும் அந்த மாதிரிகள் பிணைக்கின்றன.

நம் பாறை வேறு. சங்ககிரி–திருச்செங்கோடு கருங்கல்லும் அதைச் சூழ்ந்த நைஸும் உப்பாதவை. மேலே மக்கிய சுக்காம்பாறை, அதன் கீழே விரிசல்களில் மட்டும் நீர். வேறுபாட்டை ஒரு சிறு கணக்கு காட்டும். நீர் நிறைந்த நுண்துளைக்குள் வாயு புக வேண்டிய அழுத்தம், நீரின் பரப்பு இழுவிசையின் இரு மடங்கைத் துளையின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். 10 நானோமீட்டர் ஆரமுள்ள களித்துளைக்கு அது ஏறத்தாழ 140 வளிமண்டல அழுத்தம். அதற்கு முன்பே வாயு பாறையைப் பிளந்துகொண்டு வழி தேடும். இதே கணக்கை, ஆரத்தின் இடத்தில் அகலத்தை வைத்து, 0.1 மில்லிமீட்டர் அகல விரிசலுக்குப் போட்டால் வருவது வெறும் 15 சென்டிமீட்டர் நீர்மட்டம். ரிக் வண்டியின் 300 பி.எஸ்.ஐ. கம்பிரசர் தருவதோ சுமார் 20 வளிமண்டலம்! ஆகவே இங்கே நுழைவழுத்தம் ஒரு தடையே அல்ல. விரிசலின் அகலமே எல்லாம். அகலம் இரட்டித்தால் ஓட்டம் எட்டு மடங்காகும்.

குழியின் வாய் திறந்திருக்க, காற்று ஏன் பக்கவாட்டில் போக வேண்டும்? துளையிடும் ராடுக்கும் பாறைக்கும் இடையே கல்தூள் அடைத்தாலோ, நின்றுபோன நீர்த்தம்பத்தின் அடியில் திடீரென்று காற்றைத் திறந்தாலோ குழிக்குள் அழுத்தம் விரிசல் நீரின் அழுத்தத்தை மிஞ்சிவிடும். மேலே போக வழியில்லாத காற்று அகன்ற விரிசலைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் கல்தூளை நான் அதிகம் அஞ்சுகிறேன். ஆறரை இன்ச் போரைச் சுற்றி, அதன் மையத்திலிருந்து ஆரத்தைப் போல இரு மடங்கு தூரம் வரை பாறை தளர்ந்து, அந்த வளையம் எந்தத் தடையும் தராமல் போனதாக வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் தூரத்திலிருந்து நீர் வருவதாகக் கொண்டு ஆர ஓட்டச் சமன்பாட்டைப் போட்டால் நீர்வரத்து சுமார் 11 விழுக்காடுதான் கூடும். அதே வளையத்தில் தூள் அடைத்து ஊடுருவு திறன் பத்தில் ஒன்றானால் நீர்வரத்து பாதிக்குச் சரிந்துவிடும். சமமாகப் பரவும் நுண்துளை ஓட்டத்துக்கான கணக்கு இது, ஓரிரு விரிசலை நம்பும் போருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் இழப்பும் லாபமும் சமமல்ல என்பது மாறாது. போர் முடிந்ததும் காற்றடித்துக் கழுவும் வேலையை அவசரமாக முடிப்பது, களிப்பாறையில் இயற்கை செய்யும் அடைப்பை இங்கே நம் கையால் செய்வதாகும்.

ஆகவே கழற்ற வேண்டிய உறுப்பு, காலத்தால் மூடிக்கொள்ளும் விதி. அதன் இடத்தில் தூள் படிவதற்கும் கழுவப்படுவதற்கும் ஒரு விதி வேண்டும். வெடி வைத்து ஆழப்படுத்திய வெட்டுக் கிணற்றில் நிலைமை இன்னொரு விதம்: ஆரம் பெரிது, வெடியின் தளர்வும் ஆழமாகப் போகும், அங்கே சிதைந்த வளையத்தைத் தனியாக அளக்க வேண்டும்.

இனிப் பக்கத்துப் போரின் காற்று. அது விலையில்லாத தடங்காட்டிச் சோதனை. எந்த ஆழத்தில் துளையிடும் ஹேமர் இருந்தபோது, எத்தனை நிமிடத்தில், எவ்வளவு தூரத்துப் போரில் காற்று வந்தது என்று ரிக்காரர்கள் ஒரு நோட்டில் குறித்தாலே மாதிரிக்குத் தீனி கிடைக்கும். ஆனால் அதை வைத்து நீர்ப்பங்கைத் தீர்மானிக்கக் கூடாது. காற்று இலேசானது, மேல்நோக்கி ஏறி, இருப்பதில் அகன்ற விரிசலைத் தேர்ந்துகொள்ளும். மோட்டார் ஓடும்போது நீரோ அழுத்தம் குறைந்த திசையில் எல்லா விரிசல்களிலும் பங்கிட்டு வரும். காற்று வந்தது இணைப்புக்குச் சான்று, அளவுக்கு அல்ல. "என் தண்ணி போச்சு" என்ற குற்றச்சாட்டை நிறுவ, ஒரு போரை ஓட்டிவிட்டு மற்றதில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று கயிறு விட்டுப் பார்க்க வேண்டும்.