கூலண்ட் துளையுள்ள டங்ஸ்டன் கார்பைடு தண்டு

டிரில், ரீமர், எண்ட் மில் போன்ற வெட்டுக்கருவிகளைச் சாணைபிடித்து உருவாக்கப் பயன்படும் மூலத்தண்டு. இதன் நீளம் முழுவதும் ஒன்று முதல் மூன்று வரையான மெல்லிய துளைகள் ஓடும். ஆழமாகத் துளையிடும்போது வெளியிலிருந்து ஊற்றும் கூலண்ட் வெட்டுமுனையை எட்டுவதில்லை. மேலேறி வரும் சீவல்கள் அதை மறித்துவிடும். தண்டின் உள்ளே அழுத்தத்தோடு பாயும் கூலண்ட் முனையைக் குளிர்விப்பதுடன் சீவல்களையும் வெளியே தள்ளுகிறது. ஆழ்துளை வேலையில் இந்த இரண்டாவது பயனே பெரிது.

டங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட்டால் பிணைத்த இப்பொருளுக்கு, பெர்லினில் ஓஸ்ராம் நிறுவனத்தின் கார்ல் ஷ்ரோட்டர் 1923இல் காப்புரிமை கோரினார். பின்னர் க்ருப் நிறுவனம் இதை ‘விடியா’ என்ற பெயரில் விற்றது. டிரில்லுக்கான தண்டுகளில் பெரும்பாலும் 10% அளவில் கோபால்ட் இருக்கும். துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை.

இறுகிய கார்பைடில் இத்தனை நீளமான துளையைப் போடுவது கட்டுப்படியாகாது. ஆகவே பொருள் மென்மையாக இருக்கும்போதே துளை அமைந்துவிடுகிறது. மெழுகு சேர்த்துப் பிசைந்த தூளை முறுக்குப் பிழிவதுபோல் அச்சின் வழியே பிழிவார்கள். அச்சின் வாயில் நிற்கும் ஊசிகள் துளைகளை விட்டுச்செல்லும். திருகுத் துளை வேண்டுமானால் பிழியும்போதே தண்டு முறுக்கப்படும். மெழுகை நீக்கியபின் ஏறத்தாழ 1400° செல்சியஸில் சுடும்போது கோபால்ட் உருகித் துகள்களைப் பிணைக்கும். தண்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாகச் சுருங்கும். துளையின் விட்டம், திருகின் பிட்ச் (ஒரு முழுச் சுற்றுக்கான நீளம்) எல்லாம் இந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணித்து வைக்கப்பட்டவை.

திருகுத் துளைத் தண்டின் தரத்தில் பிட்ச் மிக முக்கியம். 10 மி.மீ. டிரில்லில் 30° திருகுக்கு ஒரு சுற்று 54.4 மி.மீ. இதில் ஒரு சதவீதம் பிசகினால், இரண்டு சுற்றுக்குள் துளை ஏறத்தாழ 7° விலகிவிடும். விலகல் கூடக்கூட, காடி வெட்டும் வைரச்சக்கரம் துளைக்குள் புகுந்து, விலையுயர்ந்த தண்டு குப்பைக்குப் போகும். அதே தண்டை 8 மி.மீ. விட்டத்துக்குக் குறைத்தால் திருகுக் கோணம் சுமார் 25° ஆகிவிடும். எனவே கோணத்தை மட்டும் சொல்லித் தண்டு வாங்குவது போதாது, விட்டத்தையும் பிட்சையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிட்ச் சரியாகப் பொருந்திய டிரில்லை எத்தனை முறை தீட்டிக் குட்டையாக்கினாலும், கூலண்ட் வாய்கள் வெட்டுவிளிம்பின் பின்னால் அதே இடத்தில்தான் திறக்கும்.