ஒற்று மிகாத கறிபாப்

கறிபாப் என்பது கோதுமை மாவை வட்டமாகத் தேய்த்து, மசாலா போட்டுப் பிரட்டிய உருளைக்கிழங்கை நடுவில் வைத்து, பிறை வடிவில் மடித்து, ஓரத்தைப் பின்னலாக மடக்கிப் பொரித்தெடுக்கும் மலேசியப் பலகாரம். பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் மாலை வேளைப் பலகாரத் தட்டுகளில் வடைக்குப் பக்கத்தில் இதற்கு நிரந்தர இடம் உண்டு. இலையுதிர் காலத்தில் மேலை நாட்டு வீடுகளில் வேகும் ஆப்பிள், பூசணி ‘பை’களுக்கு ஈடாகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எதையாவது காட்ட வேண்டுமென்றால் கறிபாப்பைத்தான் காட்ட வேண்டும். இலை உதிரும் பருவம் இங்கே இல்லை. அக்டோபர், நவம்பரில் பிற்பகலானால் இடியோடு கொட்டும் மழை உண்டு. அதற்குள்ளேயே தீபாவளியும் வந்துவிடும். (‘பை’ என்ற பெயர் தமிழில் ஒட்டாததில் வியப்பில்லை. தோளில் மாட்டும் பை ஒன்று, அணாவில் 12இல் ஒரு பங்கான பழங்காசு ஒன்று என்று அந்த இடம் முன்பே நிரம்பியிருந்தது.)

பெயரின் முன்பாதி தமிழ். பட்டினப்பாலையில் கறி என்றால் மிளகு. காவிரிப்பூம்பட்டினத்துக்கு மூட்டை மூட்டையாக வரும் சரக்குகளில் அதுவும் ஒன்று. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டம், இறைச்சி ஆகிய பொருள்களும் இச்சொல்லுக்கு உண்டு. இன்றும் தமிழ்நாட்டில் ‘கறி எடுக்கப் போகிறேன்’ என்றால் இறைச்சிக் கடைக்கு என்று பொருள். யாழ்ப்பாணத்தில் கத்தரிக்காயும் கறி, மீனும் கறி. வைணவர் வீடுகளில் கறியமுது என்பது காய்ப் பொரியல். போர்த்துக்கீசியர் இச்சொல்லைக் ‘கரில்’ ஆக்கினார்கள். ஆங்கிலத்தில் அது ‘கரி’ ஆனது. 1747இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஹன்னா கிளாஸின் சமையல் நூலில் இந்திய முறைக் கறிக்குச் செய்முறை இருக்கிறது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி, சொல்லின் வேர் தமிழே என்று பதிவு செய்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழறிந்தவர்.

ஐரோப்பியர் வாயில் ஒலியோடு பொருளும் நகர்ந்தது. சட்டியில் வேகும் காயையோ இறைச்சியையோ குறித்த சொல், அதன்மேல் படியும் மசாலாவையும் குழம்பையும் குறிக்கலாயிற்று. கறித்தூள் என்ற சரக்கு இந்தப் புதுப் பொருளில் பிறந்தது. கறிபாப்பில் இருப்பதும் இந்தக் கறியே. தமிழ்நாட்டிலிருந்து வந்த சைவ உணவுக்காரர் பெயரைக் கேட்டுக் கையை இழுத்துக்கொள்வார். உள்ளூர்ச் சைவர் உருளைக்கிழங்கா, கோழியா என்று மட்டும் கேட்டுக்கொண்டு எடுத்துக்கொள்வார்.

பின்பாதி ‘பஃப்’. ஊதிப் பெருப்பது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். வெண்ணெய் வைத்துப் பலமுறை மடித்த மாவை மூடிய அடுப்பின் சூட்டில் வேகவைத்தால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி அடுக்குகளைப் பிரித்து உப்ப வைக்கும். அப்படி உப்பிய பண்டத்துக்கு அப்பெயர் பொருந்தியது. மலாயாவில் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறைகளிலும் பிறகு காப்பிக் கடைகளிலும் வேலை பார்த்த ஹைனான் சீனர்கள் இவ்வகை மாவுப் பண்டங்களில் தேர்ந்தவர்கள். சிங்கப்பூரில் 1926இல் தொடங்கிய போலார் கடை அடுக்குமாவு வகைக்குப் பேர்போனது. 1956இல் ரெக்ஸ் திரையரங்கருகே ஒரு காப்பிக் கடையில் தொடங்கிய ஓல்ட் சாங் கீ பொரித்த வகைக்குப் பேர்போனது. மக்களிடம் வென்றது பொரித்ததே. வீட்டுக்கு வீடு எண்ணெய்ச் சட்டி இருந்த ஊரில் வேறெப்படி நடக்கும்? பண்டம் எண்ணெய்க்கு மாறியபின்னும் ‘பஃப்’ பெயரில் தங்கிவிட்டது. போர்த்துக்கீசிய எம்பாடா, ஆங்கிலப் பேஸ்டி, சமோசா என்று இதற்கு ஆளுக்கொரு மூதாதையைக் காட்டுவார்கள். மாவுக்குள் பொதிவு வைத்து மடிக்கும் எண்ணம் எந்த ஊருக்கும் தனியுரிமை அல்ல என்பதால் அந்த வழக்கு எளிதில் தீராது.

மலாய்க்கு ஃபகரம் இயல்பான ஒலி அன்று. காஃபி அங்கே ‘கோப்பி’. அதே வழியில் ‘பஃப்’ ‘பாப்’ ஆகி, இரு சொல்லும் ஒட்டி ‘காரிபாப்’ என்று ஒரே சொல்லாயின. ஜொகூரிலும் சிங்கப்பூர் மலாய்க்காரரிடையிலும் ‘எப்போக் எப்போக்’ என்ற பெயரும் வழங்குகிறது.

மலேசியத் தமிழ் இப்பெயரை ஆங்கிலத்திலிருந்து எடுத்ததா, மலாயிலிருந்தா? எழுத்தே விடை சொல்கிறது. கறி என்ற தமிழ்ச் சொல்லுக்குப் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: கறிக்கடை, கறிக்குழம்பு. அக்கணக்கில் ‘கறிப்பாப்’ என்றல்லவா வரவேண்டும்? அப்படிச் சொல்வது வழக்கமில்லை. தமிழர் இதைக் கறியும் பாப்பும் சேர்ந்த தொடராகக் கொள்ளாமல், மலாயில் ஒட்டிய உருவிலேயே முழுசாக எடுத்துக்கொண்டார்கள். முன்பாதியின் றகரம் மட்டும் பழைய உறவை அடையாளம் கண்டு எழுதியது; ரகரம் போட்டால் அடுப்புக்கரி ஆகிவிடும் என்ற எச்சரிக்கையும் சேர்ந்திருக்கலாம். தமிழிலிருந்து கிளம்பிய கறிக்கு எதிர்த் திசையிலும் இதே நிலத்தில் ஒரு பயணம் நடந்திருக்கிறது. கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான ‘பாத்து’ தமிழர் நாவில் எண்ணுப்பெயராகி, பத்துமலை என்ற ஊர்ப்பெயரில் நின்றுவிட்டது.

உறவுச் சொற்கள் மற்றத் தமிழ் ஊர்களிலும் உண்டு. தமிழ்நாட்டு பேக்கரியின் முட்டை பப்ஸ் அதே ‘பஃப்’தான். பன்மை விகுதியோடு உறைந்துபோனதால் ஒன்றை வாங்கினாலும் ‘ஒரு பப்ஸ்’ என்பார்கள். இலங்கையில் பிறை வடிவில் பொரிப்பது பற்றிஸ். ‘பேட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லின் பன்மை. பண்டத்தை வைத்துப் பார்த்தால் கறிபாப்புக்கு மிக நெருங்கியது பப்ஸ் அன்று, பற்றிஸ்தான். இனிப்புப் பக்கத்தில் தீபாவளிச் சோமாசி இருக்கிறது: அதே பிறை, அதே மடிப்பு, உள்ளே பொட்டுக்கடலை, சர்க்கரை, தேங்காய். சோமாசிக்கு ஓரம் வெட்டப் பல்சக்கரக் கரண்டி உண்டு. கறிபாப்புக்கு விரல்தான் கருவி.

அந்த விரல் வேலைக்கு மலாயில் ‘கெலிம்’ என்று பெயர். விளிம்பைக் கட்டைவிரலால் சிறிது நசுக்கி இழுத்து, உள்நோக்கி மடக்கி, அடுத்த நசுக்கலை அதன்மேல் ஏற்ற வேண்டும். முடிகையில் கயிறு முறுக்கியது போன்ற ஓரம் கிடைக்கும். மாவில் உப்புச் சேர்த்துக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றும்போது ‘சுர்’ரென்று பொங்கினால்தான் மேலோடு மொறுமொறுக்கும். கிழங்கைப் பொடிக் கட்டங்களாக நறுக்கி, வெங்காயம், கறிவேப்பிலை, கறித்தூளோடு நீர் வற்றும்வரை பிரட்டி, ஆறவிட்டே உள்ளே வைக்க வேண்டும். சூட்டோடு வைத்தால் ஆவி மாவை இளக்கிவிடும். ஈரம் மிச்சமிருந்தால் எண்ணெய்க்குள் ஓரம் வாய் பிளக்கும். அவித்த முட்டையில் ஒரு கீற்று வைப்பதும் வழக்கம். நீர்மாவு, எண்ணெய்மாவு இரண்டையும் சேர்த்துச் சுருட்டி வில்லைகளாக வெட்டித் தேய்த்தால், மேலோட்டில் நத்தை ஓட்டுச் சுழிகள் தெரியும். அது ‘காரிபாப் பூசிங்’. பூசிங் என்றால் சுற்று.

பொதிவைப் பொறுத்துப் பெயர் நீளும்: கோழிக் கறிபாப், சார்டின் கறிபாப், சர்க்கரைவள்ளிக் கறிபாப். பத்துமலை அடிவாரத்துச் சைவ உணவகங்களில் இந்த அடைமொழிகளுக்கு வேலையில்லை. அங்கே கறிபாப் என்றாலே உருளைக்கிழங்கு. மலேசிய எல்லைக்கு வடக்கே தாய்லாந்திலும் பண்டம் ‘கரிபாப்’ என்ற பெயரோடேயே வழங்குகிறது; சரபுரி மாநிலத்து முவாக் லெக் அதற்குப் பெயர்பெற்ற ஊர். கிள்ளான் பள்ளத்தாக்கில் உறைபெட்டிக் கறிபாப் இப்போது வீட்டுத் தொழில். பொரிக்காமல் உறையவைத்துப் பொட்டலமாக விற்கிறார்கள். உறைந்தபடியே எண்ணெயில் போட வேண்டும், இளகவிட்டால் மாவு ஒட்டிக்கொள்ளும்.