வகுப்பறையில் உத்திரமேரூர்க் கல்வெட்டு

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 919), மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 921) பொறிக்கப்பட்டது. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை இவை விரிவாகக் கூறுகின்றன.

பள்ளிகளில் இப்பாடம் பெரும்பாலும் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. சோழர் காலத்திலேயே மக்களாட்சி இருந்தது என்று மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். கல்வெட்டின் செய்தியை எளிய தமிழில் ஒரு பக்கமாக எழுதி வகுப்பில் படிக்கச் செய்தால், அந்த வரி எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை மாணவர்களே ஆராயலாம்.

நடித்துப் பார்த்தல்

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். சபையார் அனைவரும் கூடியிருக்க, வயதில் மூத்த நம்பி ஒருவர் எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடித்தார். உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுத்தான். அக்கட்டின் ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கியபின், அவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கிப் படித்தார்.

ஒரு பானையும் காகிதத் துண்டுகளும் இருந்தால் இதை ஒரு பாடவேளையில் நடித்துக் காட்டலாம். விரல்களை ஏன் விரிக்க வேண்டும், சிறுவனை ஏன் அழைக்க வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால் போதும். வேறு ஓலையை மறைத்து வைக்க இடம் கொடுக்கக் கூடாது என்ற விடையை மாணவர்களே கூறுவர். தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர்.

இரண்டையும் ஒப்பிடுதல்

முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டாவதில் அது 35 முதல் 70 வரை ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் விதிகள் ஏன் திருத்தப்பட்டன என்பது நல்ல வினா. முந்தைய மூன்று ஆண்டுகளில் பதவி வகித்தவர் மீண்டும் வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். இத்தகைய விதிகளைக் கொண்டு, அவ்வூரில் முன்பு என்னென்ன சிக்கல்கள் எழுந்திருக்கலாம் என்று மாணவர்கள் ஊகிக்கலாம். இது ஊகம்தான் என்பதையும் ஆசிரியர் நினைவூட்ட வேண்டும்.

குடத்தில் பெயர் இல்லாதவர்கள்

வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை தகுதிகளாகக் கூறப்பட்டுள்ளன. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று விளக்க வல்லவருக்கு அரைக்கால் வேலி நிலம் போதும் என்ற சலுகையும் உண்டு. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அதன் சபை நிலமுடைய பிராமணர்களின் சபை. ஆகவே பெண்கள், நிலமற்றோர், உழவுத் தொழிலாளர், கைவினைஞர் ஆகியோரின் பெயர்கள் அந்தக் குடத்தில் இல்லை.

வகுப்பில் நடிக்கும்போதே இதை உணர்த்தலாம். முதலில் எல்லா மாணவர்களும் தம் பெயரை எழுதிப் பானையில் இடட்டும். பிறகு தகுதி விதிகளை ஒவ்வொன்றாகப் படித்து, பொருந்தாத சீட்டுகளை நீக்கட்டும். மாணவர்களின் சொந்த வீடு, நிலம், சாதி பற்றி வகுப்பில் கேட்கக் கூடாது. ஏரிக்காவலர், குயவர், நிலக்கிழார் எனக் கற்பனைப் பாத்திரங்களை எழுதிய அட்டைகளைக் கொடுப்பதே முறை. இறுதியில் பானையில் மிகச் சில சீட்டுகளே எஞ்சும்.

இன்றைய ஊராட்சியுடன்

1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சி அமைப்புகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களை ஒதுக்கியது. வாக்களிக்க 18 வயதும், போட்டியிட 21 வயதும் நிறைந்திருந்தால் போதும். நிலமோ கல்வியோ அதில் நிபந்தனை இல்லை. இந்த இரு முறைகளையும் அட்டவணையாக எழுதினால், பழைய முறையில் கணக்கு ஒப்படைப்பிலும் வெளிப்படைத்தன்மையிலும் இருந்த கண்டிப்பும், பங்கேற்பில் இருந்த குறுகிய எல்லையும் ஒருங்கே தெரியும்.

ஒரு கல்வெட்டைப் பெருமைக்காக மட்டும் படித்தால் பாதிச் செய்தியே கிடைக்கும். குடத்தில் யார் பெயர் இருந்தது, யார் பெயர் இல்லை என்று கேட்கப் பழகிய மாணவர், பின்னர் எந்த வரலாற்றுச் சான்றைக் கண்டாலும் அதே வினாக்களை எழுப்புவார்.